பெரியப்பா இரவல் கொடுத்த காயில்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு செத்த இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கிறது. பழைய கார்களில் வண்டிக்கு ஒன்று என்று இருந்த வகை. சின்ன டம்ளர் அளவுக்கு ஒரு தகர உருளை, தலையில் கறுப்பு மூடி, மூடியின் நடுவே ஒரு குழி, அதற்கு இருபுறமும் திருகாணிகள். பாட்டரியிலிருந்து சாதுவாக வருகிற மின்சாரத்தை வாங்கி, பெட்ரோலைக் கொளுத்துகிற அளவுக்கு அதற்குக் கோபமேற்றி அனுப்புவதுதான் இதன் உத்தியோகம். இதன் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருக்கும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. இப்போது செங்கல் தூளின் நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர்களிடம் பெரியப்பாவின் ஞாபகார்த்தம் என்பேன். வெளியூர்க்காரர்களிடம், யுத்தத்தில் வெடிக்காமல் போன குண்டு என்பேன். இரண்டாவது பதில்தான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது.

பெரியப்பா, மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் பெரிய மிராசுதார். அவரைப் போலச் சிரிக்கவைக்கத் தெரிந்த மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை. நகைச்சுவை எழுதியும் பேசியும் வயிறு வளர்க்கிறவன் நான், தொழில்முறையில்தான் சொல்கிறேன். கூலி உயர்வு கேட்டு வந்தவர்கள் அவர் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போவார்கள். தெருமுனை திரும்பிய பிறகுதான், கூலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அவர்களுக்கு உறைக்கும். சென்னையில் ஆட்சி மாறியபோது அவர் தோளில் துண்டு மாறியது. வெள்ளைக் கதர் பெட்டிக்குப் போயிற்று, கரைபோட்ட துண்டு வெளியே வந்தது. "என்ன பெரியப்பா இது?" என்று கேட்டேன். "துண்டு வேர்வை தொடைக்கிறதுக்குடா. எந்தக் கலரா இருந்தா என்ன, தோள் நம்மளுது" என்றார். நான் அப்போது தஞ்சாவூரில் கல்லூரி மாணவன். நிலச் சீர்திருத்தம் உடனே வேண்டும் என்று பேச்சுப் போட்டியில் மேசையைத் தட்டிப் பேசி ஒரு கோப்பை வாங்கியிருந்தேன். கோப்பையைக் கூடத்தில் பார்வையாக வைத்தவரும் பெரியப்பாதான். வருகிறவர்களிடம், "எல்லாத்தையும் குடுத்துடணும்னு பேசினானாம், இதைக் குடுத்திருக்காங்க" என்று காட்டுவார்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், அவர் நிலங்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஊரெல்லாம் பயணம் போயின. மகள்கள் பெயருக்கும் மருமகன்கள் பெயருக்கும் போனது நியாயம். சமையல்காரர் பெயரிலும் கார் டிரைவர் பெயரிலும்கூட எழுதப்பட்டன. எங்கள் வீட்டு நாய் பெயரில் எழுதாததற்கு அது கொஞ்சம் நேர்மையான நாய் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. தெற்குவெளியில் ஒரு பெரிய துண்டு என் பெயரில் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததே, அதை எடுத்துக்கொள்ளப் போவதாக சர்க்கார் எனக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான். கோப்பை வாங்கியவனே பினாமி. இதை வேறு யாராவது எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

அந்தத் தெற்குவெளித் துண்டை உபரி நிலம் என்று முடிவு செய்து, எங்கள் வயல்களில் நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு நாள் குறித்தார்கள். கோடை. மேட்டூர் திறக்க நாள் இருந்தது. வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. பெரியப்பா தன் வக்கீலைத் தடையுத்தரவு வாங்கச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். உத்தரவு கிடைத்தால் தந்தி வரும். நிலத்தை ஒப்படைத்த பிறகு தந்தி வந்தால் அது வெறும் காகிதம். ஒப்படைப்பதற்கு முன் வந்தால், அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்க இருந்தது வெறும் கனவு. முந்தப் போவது தந்தியா தாசில்தாரா என்பதுதான் அன்றைக்கு ஊரில் இருந்த ஒரே கேள்வி.

நிலச் சீர்திருத்தத் தாசில்தார் காலையிலேயே ஜீப்பில் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், வறண்ட சீமைக்காரர். எந்த ஊருக்குப் போனாலும் குடிதண்ணீரைத் தன் வீட்டுக் கூஜாவிலேயே கொண்டுவருவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் ஜீப் வேறெங்கும் நிற்காமல், எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றது. ஜீப் டிரைவர் பானெட்டைத் திறந்து, ஒயர்களைத் தொட்டுப் பார்த்து, காயில் செத்துவிட்டது என்று சொன்னார். இருப்பதிலேயே மலிவான சாமானைத்தான் வாங்க வேண்டும் என்று ஆபீஸில் விதி. அந்த விதிப்படி வாங்கிய காயில் அது. புதிதாக ஒன்று வாங்க மன்னார்குடிக்குத்தான் போக வேண்டும். போய்விட்டு வந்தால் பாதிப் பகல் போய்விடும்.

பெரியப்பா குடையோடு இறங்கி வந்தார். கூஜாவைப் பார்த்தார். அந்த மனிதரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கூஜாவைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. காபி சாப்பிடச் சொல்லவில்லை. நாற்காலி போடச் சொல்லவில்லை. தன் கார் டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஷெட்டுல ஒரு காயில் கெடக்குமே, அதை எடுத்தா."

"அதுங்களா?" என்றார் டிரைவர்.

"அதேதான்."

தாசில்தார் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாங்க. உங்க பொருள் எதையும் நான் வாங்கக் கூடாது."

"உங்களுக்கு யாரு சார் குடுத்தா? அங்க பந்தலைப் போட்டுட்டுப் புள்ளகுட்டியோட வெயில்ல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குக் குடுக்குறேன். எடுக்கப் போறது எம் பூமி. எடுக்கப் போற வண்டிக்கு நானே காயில் குடுக்குறேன். இதுல எங்கேருந்து சார் லஞ்சம் வந்துச்சு?"

தாசில்தார் தெற்கே பார்த்தார். தொழிலாளர் தெரு தாண்டி, தெற்குவெளி வரப்பில் தென்னங்கீற்றுப் பந்தல் தெரிந்தது. தூரம் ஒரு கல்கூட இருக்காது. அவர் முகத்தில் ஓடியதெல்லாம் அந்தப் பந்தல்தான், தன் மானம் அல்ல. "வேலை முடிஞ்ச உடனே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

"அவசரமே இல்ல சார்" என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா, நீதானே மிராசுதார்? கூடப் போயி, குடுத்துட்டு வா" என்று என் முதுகில் தட்டி ஜீப்பில் ஏற்றிவிட்டார். முன்னால் டிரைவரும் தாசில்தாரும், பின்னால் கணக்குப் பெட்டியும் அளவுச் சங்கிலியும் நானும். எனக்குப் பெரியப்பாவின் மேல் பெருமை பொங்கியது. தோற்றாலும் கையைக் கொடுத்துத் தோற்கிற மனிதர் என்று நினைத்தேன். அடுத்த பேச்சுப் போட்டிக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன்.

ஜீப் உற்சாகமாகக் கிளம்பியது. பெரிய மதகு தாண்டியதும் இரண்டு தடவை இருமியது, நின்றது. டிரைவர் பானெட்டைத் திறந்து காயிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "கொதிக்குது சார். ஆறினாத்தான் கிளம்பும்." ஆறிய பிறகு கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. நிழல் என்று சொல்ல ஒரு கருவேல மரம்கூட இல்லாத இடம். தாசில்தார் கூஜாவை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, "நடந்துடலாம்" என்று ஒரு காலை வெளியே வைத்தார்.

அவர் மட்டும் இன்னொரு காலையும் வைத்திருந்தால்! அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் எழுதி அடித்திருக்கிறேன். ஆனால் அதற்குள் பந்தலிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஜீப் நிற்பதைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக. விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் முன்னால் வந்தார். "ஐயா, நீங்க எறங்கலாமா? நாங்க எதுக்கு இருக்கோம்? உக்காருங்கய்யா!"

"பரவாயில்லப்பா, பக்கந்தானே" என்றார் தாசில்தார்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். நடவாட்களுக்கெல்லாம் முன்னால் நின்று நடுகிறவர் அவர். அவர் குரலெடுத்தால்தான் மற்றவர்கள் பாட்டு எடுப்பார்கள். அவரை அன்றைக்கு எங்கள் வீட்டுச் சிறுசுகள் நாங்கள்கூட 'நீ, வா' என்றுதான் கூப்பிட்டோம். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். மரியாதை கொடுப்பதில் இப்படி நான் எப்போதும் ஒரு தலைமுறை தாமதம். அவர் ஜீப்பின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த மாதிரி ஜீப்பு எத்தினி தடவ எங்க தெருவுக்கு வந்து ஆம்பளைங்கள அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருக்கு. போலீஸ்காரனத் தவிர யாரும் எங்க தெருவுக்கு ஜீப்புல வந்ததில்லங்க. இன்னிக்கு ஒரு நாளு எங்களுக்குக் குடுக்குறதுக்கு வருது. நீங்க நடந்து வந்தா எப்படிங்க? நாங்க தள்ளியாச்சும் கொண்டுபோறோம். நீங்க சும்மா உக்காந்து வாங்க, போதும்."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தாசில்தார் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தள்ளத் தொடங்கினார்கள். மணல் பாதை, வண்டித் தடம் பள்ளம் பள்ளமாக. ஆனால் அது ஒரு திருவிழாவைப் போல இருந்தது. கோயில் தேரில் கை வைக்க விடப்படாதவர்கள் இழுக்கும் தேர் என்று எனக்கு ஒரு உவமை அப்போதே தோன்றி, அதை நான் மனசில் குறித்துவைத்ததும் ஞாபகம் இருக்கிறது. என் வியாதி அப்போதே ஆரம்பித்துவிட்டது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர், "சின்னய்யா என்ன இந்தக் கனம் கனக்குறாரு!" என்றார். "ஏன் கனக்க மாட்டாரு? அத்தினி நெலத்தையும் தூக்கிக்கிட்டுல்ல உக்காந்திருக்காரு!" என்று இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. தாசில்தாரையே இறங்க விடாதவர்கள் என்னை விடுவார்களா என்று ஒரு சமாதானம் இருந்தது. ஆனால் நான் கேட்கவே இல்லையே.

இடையிடையே காயில் ஆறி, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். "ஓடுது, ஓடுது!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் பின்னால் ஓடிவருவார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி செத்துவிடும். ஈரத்துணி சுற்றினால் சூடு தாங்கும் என்று டிரைவர் சொன்னதும், அந்த அம்மா தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கொடுத்தார். நனைக்கத் தண்ணீர் வேண்டுமே. பந்தலிலிருந்து குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்தார்கள். "குடிக்கிற தண்ணிக்கா" என்று தயங்கினாள் ஒரு பெண். "ஊத்துடி. ஆத்துல தண்ணி வந்ததும் நம்ம வாய்க்கால்லயே குடிச்சுக்கலாம்" என்றார் அவர். தாசில்தாரும் தன் கூஜாவைத் திறந்து அந்தத் துணிமேல் கவிழ்த்தார்.

அவர்கள் தெருவுக்குள் ஜீப் திரும்பியது. எதிரே பந்தலில் வாழைமரம், மாவிலை, ஒரு மாலை. ஜீப்பின் மூக்கைப் பார்த்ததும் பறையடிக்கக் காத்திருந்தவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் பின்னால் சைக்கிள் மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. பெரியப்பாவின் காரியக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கி, சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, தந்தியை நீட்டினார்.

வக்கீல் தந்திதானே என்று கசக்கி எறிந்துவிட்டு மேலே போகிற தாசில்தார்களும் உண்டு. இவர் கூஜாக்காரர். காபி வாங்கிக் குடிக்காததற்கு எந்த நேர்மை காரணமோ, அதே நேர்மை அந்தத் தந்தியை மதிக்கச் சொன்னது. படித்தார், மடித்தார், ஜீப்பை விட்டு இறங்கினார். அன்றைக்கு முழுவதும் அவர் இறங்கியது அப்போதுதான். சங்கத்துத் தோழரிடம் என்னவோ சொன்னார். பறை உடனே நிற்கவில்லை. முன்னால் இருந்தவர் நிறுத்தினார், அடுத்தவர் நிறுத்தினார், கடைசியில் இருந்த ஒருவர் மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஜீப்பின் பக்கமாக வந்து என்னைக் கேட்டார்.

"என்னங்க சின்னய்யா, என்ன சொல்றாங்க?"

"கோர்ட்டு…" என்றேன்.

"அப்ப எப்ப வருவாங்க?"

"வருவாங்க" என்றேன்.

தாசில்தார் குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். அதே தூரம்தான். மெல்லத்தான் நடந்தார், சீக்கிரமே எங்கள் வாசலுக்குப் போய்விட்டார். சர்க்கார் சொத்தை அங்கே விட முடியாது என்று டிரைவர் கையைப் பிசைந்ததும், அவர்களே ஜீப்பைத் திருப்பி, அவர்களே மதகு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வந்தேன். இறங்குங்கள் என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிஷத்தை வெட்டி எறியலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், எதை வெட்டுவது என்று நான் யோசிக்கவே மாட்டேன்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பெரியப்பா கதையைச் சொன்னார். அந்தக் காயிலைப் போன மாதமே அவர் காரிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டார்களாம். ஆறியிருந்தால் ஓடும், சூடானால் செத்துவிடும். "முழுசா செத்ததக் குடுத்தா ஆசாமி நடந்துடுவான். அரை உசுரோட குடுத்தேன் பாரு, வண்டிய விட்டு எறங்க மனசு வராது!" என்றார். தாசில்தார் ஒரு காலை வெளியே வைத்ததை, அவர் பார்க்காமலே நடித்துக்காட்டினார். கூடம் அதிர்ந்தது. நான்தான் முதலில் சிரித்தேன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சில நாள் கழித்து ஜீப் டிரைவர் வந்து காயிலைத் திருப்பிக் கொடுத்தார். பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல் கட்டி. உள்ளே அந்தச் சிவப்புத் துணி காயிலின் கழுத்தில் அப்படியே இருந்தது. "ஐயா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. உதவிக்கு நன்றின்னு சொல்லச் சொன்னாங்க." கண்டுபிடிக்காமல் இருந்திருப்பார்களா? நிச்சயம் கண்டுபிடித்திருப்பார்கள். பெரியப்பா காயிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்த திட்டி அனுப்பியிருக்கலாம்ல இந்த ஆளு" என்றார். அவர் சிரிக்காமல் பேசிய வாக்கியங்களில் என் ஞாபகத்தில் இருப்பது அது ஒன்றுதான். மறுநாளே பழையபடி ஆகிவிட்டார். காயில் கூடத்தில், என் கோப்பைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது.

தடை நீண்டது, வழக்கு நீண்டது, மேல்முறையீடு அதற்கும் மேலே நீண்டது. தெற்குவெளி எங்களிடமே நின்றது. கதையும் வளர்ந்தது. திருக்கடையூரில் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அவர் சொன்னபோது ஜீப் ஏழெட்டு இடத்தில் நின்றது. சம்பந்திகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு காயில் என்னிடம் வந்தது, கதையும் என்னிடம் வந்தது. மேடைகளில் சொன்னேன். ஊர் பெயரை விட்டேன், பெரியப்பாவை 'ஒரு மிராசுதார்' ஆக்கினேன். தாசில்தார் காலை வெளியே வைப்பதையும் உள்ளே இழுப்பதையும் செய்துகாட்டினால், சீர்காழியானாலும் தஞ்சாவூரானாலும் சபை விழுந்துவிடும். ஜீப்பில் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான் என்பதைச் சொல்வதில்லை. கதைக்கு அவன் தேவையில்லை என்று எனக்கு நானே இலக்கணம் வகுத்துக்கொண்டேன். தண்ணீர்ப் பானையையும் சிவப்புத் துணியையும் சொல்வதில்லை. அந்த இடத்தில் சிரிப்பு தொய்ந்துவிடும்.

போன மாதம் மன்னார்குடியில் ஒரு விழா. அன்றைக்கும் இந்தக் கதைதான், அன்றைக்கும் சபை விழுந்தது. முடிந்ததும் கும்பல் கலையும்வரை காத்திருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயசு தாண்டியவர். வங்கியில் அதிகாரியாக இருப்பதாகச் சொன்னார். நல்ல பேச்சு என்று சொல்லப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சார், அந்த மதகு பெரிய மதகுதானே? அந்தப் பந்தல் தெற்குவெளிலதானே போட்டிருந்தது?"

"ஆமாம்" என்றேன். முகம் தயாராகவே இருந்தது. மாற்ற அவகாசம் கிடைக்கவில்லை.

"நடவுக்கு முன்னாடி நிக்கிறவங்க எங்க அம்மா சார். அன்னிக்கு ஜீப்ப தள்ளினாங்க. நான் சின்னப் புள்ள, பந்தல்ல இருந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். "அம்மா இன்னிக்கு வரைக்கும் வெயிலாலதான் வண்டி நின்னுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. கோடை வந்தாலே சொல்லுவாங்க, 'இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்தியிருக்கணும்டி, தப்புப் பண்ணிட்டேன்'னு. காயிலே கெட்டதுன்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் சிரிச்சேன் சார், முதல்ல. எங்க ஊருன்னு தெரியாம" என்றார். பிறகு, "இத அம்மாகிட்ட சொல்லணுமா, வேணாமா? சொன்னா, தண்ணி ஊத்தாதது தப்பில்லன்னு ஆகும். ஆனா அவங்க தள்ளின தள்ளெல்லாம்…" என்று நிறுத்தினார். "நீங்கதான் சார் நல்லா சொல்லத் தெரிஞ்சவங்க. எப்படிச் சொல்றதுன்னு சொல்லுங்க."

எப்போதும் ஏதாவது ஒரு பதில் வாயில் வைத்திருப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். "அம்மா எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். "அதே தெருதான் சார். வீடு மட்டும் மாடியாயிடுச்சு. அம்மா வரமாட்டேங்குறாங்க எங்கயும்" என்றார். துணி என் மேசைமேல் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. தெற்குவெளித் துண்டை நான் பல வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டேன் என்பதையும், வெளியே வாசலில் நிற்கும் கார் அந்தப் பணத்தில் வந்தது என்பதையும் சொல்லவில்லை. ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு வந்து நானே அம்மாவைப் பார்க்கிறேன் என்றேன். "வாங்க சார்" என்றார், சின்னய்யாவுக்குப் பதில் சொன்ன மாதிரி இல்லாமல், வங்கியில் கடன் கேட்டு வந்தவனுக்குச் சொல்வதுபோல.

போவதாகத்தான் இருந்தேன். இந்த வாரம் கிளம்பவும் கிளம்பினேன்; காயில் பைக்குள்ளே, பை பக்கத்து இருக்கையில். தஞ்சாவூர் எல்லையைத் தாண்டுவதற்குள் கார் குலுங்க ஆரம்பித்தது. இப்போதைய கார்களில் சிலிண்டருக்கு ஒன்று என்று நாலு காயில். எந்தப் பட்டறைக்குப் போனாலும் நாலையும் மாற்று என்பார்கள் என்று பயந்துகொண்டே உருட்டிப் போனேன். பட்டறைக்காரர் நியாயமானவர். ஒரு காயிலைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் மாற்றிப் போட்டார், குலுக்கலும் அதோடு அந்த இடத்துக்குப் போயிற்று. "இது ஒண்ணுதான் சார் போயிருக்கு. நாலையும் மாத்தி ஏன் செலவு பண்றீங்க? இத மட்டும் மாத்துவோம். புதுசு நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் கழட்டின வண்டிலேருந்து எடுத்த பழசு ஒண்ணு இருக்கு, போட்டுத் தரேன். காசு வேணாம், ஓட்டிட்டுப் போயிட்டு வந்து குடுங்க."

"இரவல் காயில் வேண்டாம்" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிற நான், நாலு காயிலையும் புதிதாகவே போட்டுவிடுங்கள் என்றேன். "அப்ப வண்டி நாளைக்கு வரைக்கும் இங்கயே நிக்கட்டும். நெழலுக்குத் தள்ளிடலாம்" என்று இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். "சார், நீங்க உள்ளயே உக்காருங்க."

நான் கதவைத் திறந்துகொண்டு குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். பின்னால் போய், அந்த இரண்டு பேருக்கு நடுவில் டிக்கியில் இரண்டு கையையும் வைத்து, என் வயசுக்கும் தொந்திக்கும் தாங்காத வேகத்தில் தள்ளினேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு வண்டியைத் தள்ளுகிறேன் என்று நினைத்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன். கார் நேராகப் பழைய டயர்க் குவியலை நோக்கிப் போனது.

"சார்! சார்! நீங்களும் பின்னாடி வந்துட்டா ஸ்டியரிங்க யாரு சார் புடிக்கிறது?" என்று பட்டறைக்காரர் கத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர்கள் தள்ளினார்கள், நான் உட்கார்ந்து வந்தேன்.

அன்றே பையோடு வீடு திரும்பினேன், காயில் மறுபடி மேசைக்கு வந்தது. இன்று காலை பட்டறையிலிருந்து போன் வந்தது. நாலும் மாற்றியாகிவிட்டது, வண்டி பஞ்சு மாதிரி ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். நினைத்துப் பார்த்தால், அந்த ஊருக்குக் காரே வேண்டியதில்லை. மன்னார்குடியிலிருந்து பஸ் போகிறது, பெரிய மதகில் நிற்கிறது. மதகிலிருந்து அந்தத் தெரு நடக்கிற தூரம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போய்விடுவது என்று எழுந்து, மேசையிலிருந்து காயிலைத் துணியோடு எடுத்துப் பையில் வைத்தேன். மின்விசிறிக் காற்றில் மேசைக் காகிதங்களெல்லாம் பறந்தன; இந்தக் கட்டுரையின் பக்கங்களும் சேர்ந்து அறை முழுக்கப் பறந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசை பார்த்து அடுக்கி மேசையில் வைத்தேன். பிறகு, அவை மறுபடி பறந்துவிடாமல் இருப்பதற்காக, பையிலிருந்து காயிலை எடுத்து அவற்றின்மேல் வைத்தேன்.